பிப்ரவரியில் போடாமல் விட்ட ஊசி

1.
தடுப்பூசி பத்தி நான் எழுதுறது உங்களுக்குப் புதுசில்லை. ஆனா இன்னிக்கு எழுதப்போறது மனுசங்களுக்குப் போடுற ஊசி பத்தி இல்ல. கோழிக்குப் போடுற ஊசி பத்தி. சரியாச் சொல்லணும்னா, நான் போடாம விட்ட ஊசி பத்தி. இழை கொஞ்சம் நீளம். வீட்டுல நாலு கோழி வெச்சிருக்கிறவங்க கண்டிப்பா கடைசி வரைக்கும் படிங்க.

2.
நாங்க இருக்கிறது ஈரோடு மாவட்டத்துல ஒரு கிராமம். தோட்டத்துக்குள்ளயே வீடு. நான் வேலை பார்க்கிற அரசு மருத்துவமனைக்கு ஸ்கூட்டியில இருபது நிமிஷம். வீட்டுக்காரர், மாமியார், ஆறு வயசுப் பையன், ரெண்டு வெள்ளாடு, ஒரு நாய், அப்புறம் கோழிகள்.

கோழி அத்தையோட ராஜ்ஜியம். எனக்கு அதுல பைத்தியம் பிடிச்சது 2020ல. கொரோனா வார்டு டியூட்டி முடிச்சு, வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற சாமான் ரூம்ல தனியாப் படுத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளிய எனக்குத் துணைக்கு இருந்தது ஒரு அடைக்கோழியும் அது பொரிச்ச ஒன்பது குஞ்சும் மட்டும்தான்.

3.
கோழி வளர்க்காதவங்களுக்கு அதோட சுகம் தெரியாது. காலைல அஞ்சே முக்காலுக்குக் கொடாப்பைத் தூக்கினா, ராத்திரி பூரா அடக்கி வெச்ச கோபத்தோட ஒவ்வொண்ணா வெளிய வரும். ஒரு கை கம்பு, ஒரு கை உடைச்ச அரிசி. அதைத் தின்னுட்டு எருக்குழிக்குப் போய்க் கிளற ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் அதுக பாடு.

குஞ்சுகளுக்குக் கரையான் பிடிக்கிறது அத்தையோட வேலை. பழைய பானைக்குள்ள கிழிஞ்ச சாக்கு, காஞ்ச சாணி எல்லாம் போட்டு, தண்ணி தெளிச்சு, சாயங்காலம் புத்துப் பக்கம் கவுத்து வெச்சுடுவாங்க. காலைல பானை நிறைய கரையான் ஏறியிருக்கும். காசில்லாத புரதம்.

4.
அடை வைக்கிறதுலயும் நான் அத்தைகிட்டதான் பாடம் படிச்சேன். கூடையில மணல், மேல வைக்கோல், ஒரு கரித்துண்டு, ஒரு இரும்புத் துண்டு, ரெண்டு காஞ்ச மிளகா. முட்டை ஒத்தப்படையிலதான் வைக்கணும். இரும்பும் மிளகாயும் எதுக்குன்னு கேட்டா, "வெக்கோணும்னா வெக்கோணும்" அவ்வளவுதான் பதில்.

என் பங்குக்கு நான் ஒண்ணு சேர்த்தேன். எட்டாம் நாள் ராத்திரி, இருட்டுல, முட்டைக்குக் கீழ செல்போன் வெளிச்சத்தை வெச்சுப் பார்க்கிறது. கரு பிடிச்ச முட்டையில சிலந்தி வலை மாதிரி ரத்தக்குழாய் தெரியும். பிடிக்காதது வெறுமனே வெளிச்சமா இருக்கும். முதல் தடவை அதைப் பார்த்தப்போ அத்தை ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. "ஸ்கேன் எடுத்தாச்சு போ"ன்னு மட்டும் சொன்னாங்க. 21ஆம் நாள் ஓடு உடையுற சத்தம் கேட்கிறதுக்குப் பையன் ஸ்கூலுக்கு லீவு போட்டான்.

5.
இப்ப ஆத்தாவைப் பத்திச் சொல்லணும்.

எங்க வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஓட்டு வீடு. அதுல எழுபது வயசு தாண்டின ஒரு ஆத்தா தனியா இருக்காங்க. வீட்டுக்காரர் இறந்து பல வருஷம். மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில. ஆத்தாவோட சொத்துன்னா பதினேழு கோழி. நாங்க பொழுதுபோக்குக்கும் முட்டைக்கும் வளர்க்கிறோம். அவங்களுக்கு அது பேங்க் கணக்கு. வெத்தலை பாக்குல இருந்து பேத்திக்குத் தீபாவளித் துணி வரைக்கும் அதுலருந்துதான். "ஒருத்தருகிட்ட கை நீட்டாத காசு அம்மிணி"ன்னு அடிக்கடி சொல்வாங்க.

அந்த வருஷம் ஆறு சேவலை நோம்பிக்குன்னு நிறுத்தி வெச்சிருந்தாங்க. மாரியம்மன் நோம்பி சமயத்துல நாட்டுச் சேவலுக்கு நல்ல விலை வரும். வித்த காசுல சொசைட்டியில அடமானம் இருக்கிற தோட்டைத் திருப்பணும். அதுதான் திட்டம். என்கிட்ட வட்டிக் கணக்கெல்லாம் போடச் சொல்லிக் கேட்டிருக்காங்க.

6.
சரி, ஊசிக்கு வருவோம்.

தமிழ்நாட்டுல கால்நடை பராமரிப்புத் துறை வருஷா வருஷம் பிப்ரவரி மாசம் ரெண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துது. இலவசம். ஊருக்குள்ளயே வந்து போடுறாங்க. எங்க ஊருக்கும் வந்தாங்க. வாட்ஸ்அப் குரூப்ல தகவல் வந்துச்சு. நான் அதுக்குக் கட்டைவிரல் கூட போட்டேன்.

அன்னிக்கு எனக்கு டியூட்டி. அத்தைக்கு முழங்கால் வலி. கோழியை விடியறதுக்குள்ள பிடிச்சு அடைக்கணும், இல்லன்னா பிடிக்க முடியாது. வீட்டுக்காரர், "அடுத்த வாரம் நாமளே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் போட்டுக்கலாம்"னார். நானும் சரின்னேன். அடுத்த வாரம் வரவே இல்ல.

எங்க நாய்க்கு வெறிநாய் ஊசி தேதி தப்பாமப் போடுறேன். பையனோட தடுப்பூசி அட்டையில ஒரு கட்டம் காலி கிடையாது. கோழிதானேன்னு ஒரு இளக்காரம். அதைத் தவிர வேற காரணம் எனக்குத் தெரியல.

7.
ஆத்தாவும் போடல. அவங்க போடாததுக்குக் காரணம் நான்தான். அன்னிக்குக் காலைல வேலி ஓரத்துல நின்னு, "நீ போடறயா அம்மிணி?"ன்னு கேட்டாங்க. "இன்னிக்கு இல்லைங்க ஆத்தா, அடுத்த வாரம்"னேன். டாக்டரே அடுத்த வாரம்னா அவசரமில்லைன்னு அவங்களும் விட்டுட்டாங்க.

8.
ஏப்ரல். நோம்பிக்கு மூணு வாரம் இருக்கு. ஞாயித்துக்கிழமை சந்தைக்குப் போயிருந்தோம். ஒருத்தர் ஒரு சாம்பல் நிறப் பொட்டைக்கோழி வெச்சிருந்தார். முட்டைக்கு வந்த கோழி, நல்ல உடம்பு. நான் எதிர்பார்த்ததைவிட நூத்தைம்பது ரூபாய் குறைச்சலாச் சொன்னார். நான் பேரம் கூடப் பேசல. பையன் மடியில வெச்சுத் தடவிக்கிட்டே வந்தான். வீட்டுக்கு வந்ததும் மத்த கோழிகளோட விட்டுட்டோம்.

மருத்துவமனையில காய்ச்சலோட வர்றவங்களை எங்க உக்கார வைக்கணும்னு சண்டை போடுற நான், சந்தையில வாங்கின கோழியை அதே சாயங்காலம் இருபத்தோரு கோழியோட ஒரே கொடாப்புல அடைச்சேன்.

9.
வியாழக்கிழமை அந்தச் சாம்பல் கோழி றெக்கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு மூலையில நின்னுச்சு. வாயைத் திறந்து திறந்து மூச்சு விட்டுச்சு. எச்சம் வெள்ளையும் பச்சையுமாத் தண்ணியாப் போச்சு. அத்தை பார்த்த உடனே சொல்லிட்டாங்க. "வெள்ளைக்கழிச்சல்."

வெள்ளிக்கிழமை அது செத்துப்போச்சு. ஞாயித்துக்கிழமை காலைல கொடாப்பைத் தூக்கினா உள்ளே ரெண்டு கிடந்துச்சு. மீதி பத்தொன்பதும் வழக்கம் போல வெளிய வந்து கம்பு தின்னுச்சு. அதுகளைப் பார்த்தா ஒரு குறையும் தெரியல.

10.
அன்னிக்கு மத்தியானம் கோழி வியாபாரி வந்தார். டிவிஎஸ் வண்டியில ரெண்டு பக்கமும் கூடை கட்டிக்கிட்டு ஊர் ஊராப் போறவர். அத்தை என்னை உள்ளே கூப்பிட்டு மெதுவாச் சொன்னாங்க. "நல்லா இருக்கறப்பவே குடுத்துப் போடலாம் சாமி. நாளைக்கு இதுகளும் போயிரும். வர்ற காசு வரட்டும்."

அத்தை கெட்டவங்க இல்ல. ஊர்ல காலங்காலமா எல்லாரும் செய்யறதுதான். சீக்கு வந்தா, வித்துடு. இல்லன்னா அறுத்து ஆக்கிடு.

பத்தொன்பது கோழி. சின்னக் காசு இல்ல. நான் ஒரு நிமிஷம் யோசிச்சேன். யோசிச்சேங்கிறதை இங்க மறைக்க விரும்பல.

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு, சந்தையில அந்தக் கோழி ஏன் நூத்தைம்பது ரூபாய் குறைச்சலாக் கிடைச்சுதுன்னு. அதை வித்தவரும் அவர் வீட்டுல இதே மாதிரி ஒரு மத்தியானம் நின்னிருப்பார். இப்ப என் முறை. நான் வித்தா, அது இன்னொரு ஊர்ல இன்னொரு பையன் மடியில உக்காந்து போகும்.

வியாபாரியை அனுப்பிட்டோம். "வேற ஆளுககிட்டயும் இந்த வாரம் இந்தப் பக்கம் வாங்காதீங்க"ன்னு காரணத்தையும் சொல்லித்தான் அனுப்பினோம்.

11.
செத்த கோழியை ரெண்டு பையில போட்டுக் கட்டி, கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துட்டுப் போனேன். அங்க இருக்கிற கால்நடை உதவி மருத்துவர் என் வயசுதான் இருப்பார். அறுத்துக் காட்டினார். கோழிக்கு இரைப்பை ரெண்டு. அதுல முன்னாடி இருக்கிற இரைப்பையோட உள்சுவர்ல குண்டூசித் தலை அளவுல வரிசையா ரத்தப் புள்ளிகள். "இதாங்க டாக்டர் அடையாளம்"னார்.

அப்புறம் கேட்டார். "பிப்ரவரி முகாம்ல போட்டீங்களா?"

நான் பதில் சொல்லல. புதன்கிழமை தடுப்பூசி அன்னிக்கு என் மேஜைக்கு முன்னாடி அம்மாக்கள் எப்படி நிப்பாங்களோ, அப்படி நின்னேன். அட்டையைக் கையில மடிச்சு வெச்சுக்கிட்டு, தரையைப் பார்த்துக்கிட்டு. அவர் திட்டல. அதுதான் கஷ்டமா இருந்துச்சு. நானா இருந்தா திட்டியிருப்பேன்.

12.
இந்த நோயைப் பத்தி அவர்கிட்டயும், அப்புறம் படிச்சும் தெரிஞ்சுக்கிட்டதைச் சுருக்கமாச் சொல்றேன்.

இது வைரஸ் நோய். இங்கிலாந்துல 1926ல நியூகாசில் ஊர்ல கண்டதால உலகம் பூரா நியூகாசில் நோய்னு பேரு. நம்ம நாட்டுல 1927ல குமாவோன் மலையில இருக்கிற ராணிகேத் பக்கம் கண்டதால ராணிகேத் நோய். நம்ம ஊர்ல வெள்ளைக்கழிச்சல். மூணும் ஒண்ணுதான்.

எச்சம், எச்சில், மூக்குச் சளி, குடிக்கிற தண்ணி, தீவனத் தட்டு, கூடை, நம்ம செருப்பு, எல்லாத்துலயும் பரவும். உள்ள போன ரெண்டு நாள்லருந்து பதினஞ்சு நாளுக்குள்ள வெளிய தெரியும். ஊசி போடாத கோழிக் கூட்டத்துல மொத்தமும் சாகலாம். பிழைச்சதுல சிலதுக்குக் கழுத்து திருகிக்கும், கால் இழுத்துக்கும். வந்தப்புறம் இதுக்கு மருந்து கிடையாது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒண்ணும் பண்ணாது. சின்ன வெங்காயம், மஞ்சள், சீரகம் அரைச்சுக் கொடுக்கிறதை எல்லாரும் செய்வாங்க. அத்தையும் செஞ்சாங்க. நான் தடுக்கல. ஆனா அது இந்த வைரஸைக் கொல்லாது.

13.
அடுத்த எட்டு நாள் எங்க வீட்டுல காலையில முதல் வேலை குழி வெட்டுறது. ஆழமா வெட்டி, சுண்ணாம்பு போட்டு, மூடி. அடை உக்காந்திருந்த கோழி பதினெட்டாம் நாள் முட்டை மேலயே செத்துப்போச்சு. செல்போன் வெளிச்சத்துல நான் பார்த்த முட்டைகள். அதையும் சேர்த்துத்தான் புதைச்சோம். பையன் கரித்துண்டையும் இரும்பையும் மட்டும் எடுத்து வெச்சுக்கிட்டான்.

மொத்தம் இருபத்திரண்டுல பத்தொன்பது போச்சு. மூணு பிழைச்சுது. அதுல ஒண்ணுக்கு இன்னும் கழுத்து ஒரு பக்கம் திருகி, வானத்தைப் பார்த்துக்கிட்டேதான் தீனி பொறுக்கும்.

14.
ஒரு கிளைக்கதை. முதல்ல செத்ததுகளைக் கையுறை போடாமத்தான் எடுத்தேன். மூணாம் நாள் ரெண்டு கண்ணும் சிவந்து தண்ணியாக் கொட்டுச்சு. ஓபில எல்லாரும், "டாக்டரம்மாவுக்கே மெட்ராஸ் ஐ"ன்னு சிரிச்சாங்க. இந்த வைரஸ் மனுசங்களுக்குக் கண் சிவப்பு வரவைக்கும். பெரும்பாலும் ஒரு வாரத்துல தானா சரியாயிடும். எனக்கும் சரியாச்சு.

ஆனா நான் செஞ்சது தப்பு. பறவைக் காய்ச்சல் வந்தாலும் கோழி இப்படித்தான் கூட்டமாச் சாகும். வெளிய இருந்து பார்த்து எதுன்னு நீங்களோ நானோ சொல்ல முடியாது. அதனால கோழி திடீர்னு வரிசையாச் செத்தா வெறுங்கையில தொடாதீங்க. வாயையும் மூக்கையும் மூடிக்கிட்டு, கையுறை போட்டு, கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்க. அறுத்துச் சாப்பிடக் கூடாது. குழந்தைகளைக் கிட்ட விடக் கூடாது.

15.
இப்ப நான் எழுதத் தயங்கின பகுதி.

ஞாயித்துக்கிழமை எங்க கோழி ரெண்டு செத்தப்பவே நான் ஆத்தாகிட்டப் போய்ச் சொல்லியிருக்கணும். சொல்லல. நம்ம வீட்டோட நிக்கும்னு ஒரு நம்பிக்கை. வேலி ஓரத்துல ஒரு கல் தொட்டி இருக்கு. ரெண்டு வீட்டுக் கோழியும் அதுலதான் தண்ணி குடிக்கும். அந்தத் தொட்டியை மட்டும் கவுத்து வெச்சேன். அதுக்குள்ள ஒரு வாரம் ஆகியிருந்துச்சு. போதாததுக்கு, சனிக்கிழமை நான் அதே செருப்போட ஆத்தா வீட்டு வாசலுக்குப் போய் அவங்களுக்கு பிரஷர் பார்த்துட்டு வந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஆத்தாவோட முதல் சேவல் சுருண்டுச்சு. அடுத்த பத்து நாள்ல பதினஞ்சு போச்சு. நோம்பிக்கு நிறுத்தின ஆறு சேவலும் அதுல சேர்த்தி.

16.
ஆத்தா யாரையும் குத்தம் சொல்லல. "காத்துச் சீக்கு அம்மிணி. மேக்கால இருந்து வந்துச்சாட்ட இருக்குது"ன்னாங்க. "உன்ற கோழியும் போச்சே"ன்னு எனக்கு ஆறுதல் வேற.

நான் தலையாட்டிட்டு வந்துட்டேன். அப்படி ஒன்பது நாள் தலையாட்டினேன்.

கொரோனா சமயத்துல எத்தனை பேரை மிரட்டியிருக்கேன் தெரியுமா? "எங்க போனீங்க, யாரைப் பார்த்தீங்க, மறைக்காமச் சொல்லுங்க"ன்னு. ஒருத்தர் கல்யாணத்துக்குப் போனதை மறைச்சதுக்கு வார்டே கேட்கிற மாதிரி கத்தியிருக்கேன். அவர் ஏன் மறைச்சார்னு எனக்கு அப்பப் புரியல. ஊர் நம்மளால கெட்டுதுங்கிறதை வாய் திறந்து சொல்றது அவ்வளவு லேசு இல்ல.

17.
பத்தாம் நாள் சாயங்காலம் போய்ச் சொன்னேன். சந்தையில வாங்கினது, தனியா வைக்காதது, ஊசி போடாதது, தெரிஞ்சும் அஞ்சு நாள் சொல்லாம இருந்தது, எல்லாத்தையும். கையில ஒரு கவர்ல பணமும் கொண்டுபோயிருந்தேன். சேவலுக்கும் கோழிக்கும் கணக்குப் போட்டு.

சினிமாவா இருந்தா ஆத்தா என் தலையைத் தடவி, "பரவால்ல கண்ணு"ன்னு சொல்லியிருப்பாங்க. அவங்க சொல்லல. கவரைத் தொடக்கூட இல்ல.

"படிச்சவ நீயி. நீ போட்டிருந்தீன்னா நானும் போட்டிருப்பனே" அப்படின்னாங்க. உள்ளே போய்க் கதவைச் சாத்திட்டாங்க.

18.
மாசம் ஒருக்கா ஆத்தா எங்க ஆஸ்பத்திரிக்கு சுகர், பிரஷர் மாத்திரை வாங்க வருவாங்க. எத்தனை கூட்டம் இருந்தாலும் என் ரூம் வாசல்லதான் உக்காந்திருப்பாங்க. அந்த மாசம் ஜன்னல் வழியாப் பார்த்தேன். பக்கத்து ரூம் டாக்டரோட வரிசையில நின்னாங்க. அடுத்த மாசமும் அதே.

ஒரு நோயாளி வேற டாக்டரைப் பார்க்கிறது அவங்க உரிமை. எனக்கு ஏன் தொண்டை அடைச்சுதுன்னு தெரியல.

19.
நோம்பி வந்துச்சு, போச்சு. கொடாப்பை எல்லாம் வெயில்ல போட்டு, தரையைச் சுரண்டி எடுத்து, சுண்ணாம்பு அடிச்சோம். பிழைச்ச மூணையும் தனியா அடைச்சு வெச்சோம். பார்க்கிறதுக்கு நல்லா இருந்தாலும் கொஞ்ச நாளைக்கு அதுக வைரஸை வெளிய விட்டுக்கிட்டேதான் இருக்கும்.

ஆடி முடியற சமயம். காலைல நான் ஆட்டுக்குத் தழை ஒடிச்சுக்கிட்டு இருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்துலருந்து குரல்.

"ஏனம்மிணி, கோழி ஒண்ணும் வாங்கலயா?"

நாலு மாசம் கழிச்சு முதல் பேச்சு. "பயமா இருக்குதுங்க ஆத்தா"ன்னேன்.

"பயந்துட்டே இருந்தா வாசல் வெறிச்சுன்னு கெடக்குது. எனக்கு விடியறதே தெரியறதில்ல."

20.
அப்புறம் அவங்களே பேச்சை எடுத்தாங்க. "உன்ற காசு எனக்கு வேண்டாம். செத்தது கோழி. கோழியாத்தான் திருப்போணும்."

பதினஞ்சு கோழி வாங்கித் தர்றேன்னு சொன்னேன். சிரிச்சாங்க. "பதினஞ்சும் நீ எதுக்குக் குடுக்கற? ரெண்டு வெடைக்கோழி குடு. மிச்சத்த அதுக பாத்துக்கும். ஆனா ஊசி போட்டுக் குடுக்கோணும்."

நாலு வெடையும் ஒரு சேவலும் வாங்கினேன். இந்தத் தடவை சந்தையில இல்ல, ஊசி போட்டு வளர்க்கிறவர்கிட்ட. அதையும் நம்பாம, வீட்டுக்கு அந்தக் கோடியில மூணு வாரம் தனியா வெச்சேன். தனித் தண்ணி, தனித் தட்டு, தனிச் செருப்பு. கடைசியாத்தான் அதுகளுக்குத் தீனி வைக்கிறது. வீட்டுக்காரர் அதுக்கு "கொரோனா வார்டு"ன்னே பேரு வெச்சார். மூணு வாரம் முடிஞ்சதும் ரெண்டு வெடையைக் கூடையில வெச்சு ஆத்தாகிட்டக் கொடுத்தேன். ஊசி போட்ட தேதியை ஒரு அட்டையில எழுதியும் கொடுத்தேன். வாங்கி, அரிசிப் பானைக்குள்ள போட்டு வெச்சாங்க.

21.
இந்த வருஷம் பிப்ரவரி. முகாம் தேதி வந்த உடனே முதல் நாள் சாயங்காலமே ஒவ்வொரு வீடாப் போனேன். "இருட்டினதும் அடைச்சுப் போடுங்க, காலைல திறக்காதீங்க, ஊசி போட்டுட்டுத் திறங்க." ஒன்பது வீடு. அன்னிக்கு நான் கேஷுவல் லீவ் போட்டேன். லீவ் லெட்டர்ல "சொந்த வேலை"ன்னுதான் எழுதினேன்.

கால்நடை மருந்தகத்துல இருந்து ரெண்டு பேர் வந்தாங்க. ஐஸ் போட்ட பெட்டி. தடுப்பூசி மருந்து உயிருள்ள வைரஸ், வீரியம் குறைச்சது. சூடு பட்டா வீணாப் போயிடும். கலக்கினதும் சீக்கிரம் போட்டு முடிச்சுடணும். நம்ம தட்டம்மை ஊசிக்கு என்ன ஒழுங்கோ அதேதான். நான் கோழியைப் பிடிச்சுக் கொடுத்தேன், அவங்க றெக்கைக்குக் கீழே தோலுக்கடியில போட்டாங்க.

ஆத்தா வீட்டுல பதினாலு. ரெண்டு வெடையில இருந்து பெருகினதும், முன்ன பிழைச்ச ரெண்டும், அதுக போட்டதும். கடைசிக் கோழியை விட்டதும் அரிசிப் பானையிலருந்து அட்டையை எடுத்து நீட்டினாங்க. "தேதி எழுது. அடுத்ததும் எழுது."

22.
தோடு? இன்னும் சொசைட்டியிலதான் இருக்கு. வட்டி கட்டி மாத்தி வெச்சிருக்காங்க. வர்ற நோம்பிக்கு நாலு சேவல் நிக்குது. "திருப்பிப்போடலாம்"னு சொல்றாங்க. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், கொஞ்சம் இடிக்குது. அவங்களுக்கும் தெரியும். போன மாசம் மாத்திரை வாங்க வந்தப்போ என் ரூம் வாசல்ல உக்காந்திருந்தாங்க.

23.
போன புதன்கிழமை ஒரு அம்மா மூணரை மாச ஊசிக்கு ஆறு மாசக் குழந்தையோட வந்தாங்க. அட்டையை மடிச்சு வெச்சுக்கிட்டு, தரையைப் பார்த்துக்கிட்டு. வழக்கமா நான் ஆரம்பிக்கிற வசனம் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. "என்னங்க ஆச்சு?"ன்னு மட்டும் கேட்டேன். வீட்டுக்காரருக்கு அடிபட்டுப் படுத்திருக்கார், புதன்கிழமை லீவு போட்டா மில்லுல அந்த வாரச் சம்பளத்துல பிடிப்பாங்க. அவ்வளவுதான் விஷயம். அடுத்த ஊசிக்கு அவங்க ஊர்லயே நர்ஸ் வர்ற நாளை எழுதிக் கொடுத்தோம். விட்டுப்போன ஊசியை முதல்லருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்துலருந்து தொடர்ந்தாப் போதும். இதையும் இங்க சொல்லி வெக்கிறேன். பயந்துக்கிட்டு வராம இருக்கிறவங்க நிறையப் பேர்.

24.
கடைசியா, கோழி வளர்க்கிறவங்களுக்கு. இதை மட்டும் தனியா எடுத்துப் பகிர்ந்துக்கோங்க.

• குஞ்சு பொரிச்ச ஏழாம் நாள் கண்ணுலயோ மூக்குலயோ சொட்டு மருந்து. எட்டு வாரத்துக்கு மேல றெக்கை ஊசி. அடுத்து எப்பப் போடணும்னு உங்க கால்நடை மருந்தகத்துல கேட்டு எழுதி வெச்சுக்கோங்க.
• பிப்ரவரி முகாமைத் தவறவிட்டா விட்டதுதான்னு இல்ல. மருந்தகத்துல கேளுங்க.
• ஊசிக்கு முன்னாடி குடற்புழு நீக்கம் செஞ்சா நல்லது. நோய் வந்த கோழிக்கு ஊசி போட்டுப் பிரயோஜனம் இல்ல.
• புதுக் கோழி வாங்கினா மூணு வாரம் தனியா வைங்க. விலை ரொம்பக் குறைச்சலா இருந்தா ஏன்னு கேளுங்க.
• சீக்குக் கோழியையும், அதோட கூட இருந்த கோழியையும் விக்காதீங்க. செத்ததை ஆத்துலயோ குப்பையிலயோ போடாதீங்க. ஆழப் புதைங்க.
• உங்க வீட்டுல வந்தா அன்னிக்கே பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்க. அன்னிக்கே. ஒன்பது நாள் கழிச்சு இல்ல.

25.
கழுத்து திருகின கோழி இப்ப முட்டை வைக்குது. அத்தை அதை அடைக்கு விடலாமான்னு யோசிக்கிறாங்க. பையன் எடுத்து வெச்ச கரித்துண்டையும் இரும்பையும் தேடிக்கிட்டு இருக்கான்.